மேகம் கறுத்தால் உள்ளே போ

பந்தல்குடி
நவம்பர் 11, செவ்வாய்

அன்பு மகன் அஜினுக்கு அப்பா எழுதுவது. வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் கரையில் காய்ந்த சட்டையோடு நின்று இதைப் பிரிக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கடலுக்குள் உன் போன் எடுக்காது, உங்கள் மீன்பிடி போட்டு கொச்சிக்குத் திரும்ப இன்னும் ஒன்பது நாள் ஆகும் என்று அங்கே கம்பெனி ஆபீசில் சொன்னார்கள். அதுவரைக்கும் மனதில் வைத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை, அதனால்தான் பேப்பரை எடுத்தேன். நீ வரும்போது இது ஆபீசில் உனக்காகக் கிடக்கும். தங்கச்சி ஷீலாவுக்கு அரையாண்டுப் பரீட்சை வருகிறது, படிக்கிறாளோ இல்லையோ உன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தினமும் டியூஷனுக்குப் போகிறாள். ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குக் குறைவில்லை, தூத்துக்குடி ரோட்டில் லாரி ஓடுகிறவரை எனக்கு வேலை இருக்கும். மழைதான் இல்லை. பக்கத்து வீட்டு சோலை அண்ணன் நாலு ஏக்கர் கொத்தமல்லி விதைத்துவிட்டு, இந்த வாரம் பெய்யாவிட்டால் முளைத்த பயிரும் கருகிவிடும் என்று சாப்பாடு இறங்காமல் அலைகிறார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அருப்புக்கோட்டைக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போனேன், அதுதான் நான் செய்த தப்பு. மீன்பிடிக்கப் போனவர்கள் புயலில் மாட்டிக்கொள்கிற கதை. போஸ்டரில் போட்டைப் பார்த்ததும், நம்ம பய வேலை பாக்குற இடம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வருவோம் என்று அவள்தான் ஆசைப்பட்டாள். சோலை அண்ணனும் கூட வந்தார். படத்தில் கடலுக்கு மேலே மேகம் கறுத்துத் திரண்டு எழுந்ததும் தியேட்டரே கைதட்டியது, விசில் வேறு. கடற்கரைக்காரன் யாராவது உள்ளே இருந்திருந்தால் எங்களைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பான். நம் ஊர்க்காரனுக்குக் கறுத்த மேகம் என்றால் நல்ல சேதி, அது யார் தலைக்கு மேலே நிற்கிறது என்றெல்லாம் யோசிக்கத் தோன்றாது. சோலை அண்ணன், "இதுல பாதிய நம்ம கம்மாப் பக்கம் தள்ளிவிடுங்கப்பா" என்று கத்தினார். நானும் தட்டினேன், அம்மாவும் தட்டினாள். அப்புறம் இன்ஜின் நின்றுவிட, கதாநாயகன் அதைக் கையால் இரண்டு அடி அடித்து ஓடவைக்கிறான், எனக்கு வந்த எரிச்சலில் "பில்டர மாத்துடா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன், முன் சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார். கடைசியில் ஒரு பையன், உன் வயதுதான் இருக்கும், மேல்தளத்தில் அண்ணாந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். ஒரு அலை வந்து போகிறது, பையன் இல்லை. அம்மா என் கையைப் பிடித்தவள் பஸ் ஏறுகிறவரை விடவில்லை. "இவனும் மேல வந்து நிக்கிறேன்னுதான சொன்னான்" என்றாள்.

சொன்னாய். போன தடவை கரைக்கு வந்து பேசும்போது, மேகம் கூடுனா எல்லாரும் கயிறு கட்ட ஓடுறாக, நான் மட்டும் மேல வந்து நின்னு பாக்குறேன், மழையப் பாக்காத காட்டு ஊர்க்காரன்னு சிரிக்கிறாகப்பா என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அப்போது நானும் சிரித்தேன். உனக்கு அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உனக்கு ஏழு வயது, இரண்டு வருஷமாக மழை இல்லாமல் இருந்து முதல் மேகம் கிழக்கே ஏறிய சாயங்காலம், நம் ஒர்க்‌ஷாப்பில் நின்ற சிமெண்டு லாரியின் கேபின் மேலே ஏறி நின்று, மேகத்தைப் பார்த்து "இங்க வா, இங்க வா" என்று கைகாட்டிக் கூப்பிட்டாய். இடி இடிக்கிறது, நிற்பது இரும்பு மேலே. டீசல் மெக்கானிக் படித்தவன் நான், உன்னை அதட்டி இறக்கியிருக்க வேண்டும். இறக்கவில்லை. கையில் ஸ்பேனரோடு நானும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன், தெருவே வெளியே நின்று பார்த்தது. முதல் சொட்டு உன் நெற்றியில் விழுந்ததும் நீ போட்ட சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் எத்தனையோ மழை பார்த்துவிட்டேன், அந்தச் சாயங்காலம் மாதிரி ஒன்று வரவில்லை.

நேற்று நம் வீட்டில் அன்பியக் கூட்டம், தெருவில் உள்ள நம் சபைக் குடும்பங்கள் எல்லாம் ஜெபிக்க வந்திருந்தன. மழைக்கான மன்றாட்டை வருஷா வருஷம் அம்மாதான் சொல்வாள், உனக்குத் தெரியும். நேற்று எழுந்து நின்றவள் வாயைத் திறக்கவில்லை. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றும், இங்கே பெய்துவிட்டு இரண்டு நாளில் மேற்கே அரபிக்கடலுக்குப் போய்விடும் என்றும் டிவியில் சொல்லியிருந்தார்கள். நமக்கு வருகிற மழைதான் உனக்கு வருகிற காற்று, அவள் எதைக் கேட்பாள். சோலை அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார், அவருக்கு நாலு ஏக்கர். கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறக்காத நான் எழுந்து, "ஆண்டவரே, மழையக் குடும். காத்த மட்டும் இங்கனயே நிப்பாட்டிக்கிரும். அங்க எம்மவன் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நிப்பான்" என்றேன். பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றார்கள். அம்மா சிரிக்கவில்லை.

போட்டு வேலை வேண்டாம், வந்துவிடு என்று எழுதச் சொல்கிறாள். நான் எழுத மாட்டேன். உன்னை டிப்ளமோ படிக்கவைத்து இன்ஜினைப் பிடி என்று அனுப்பியவன் நான், ஒரு படத்தைப் பார்த்துவிட்டு மாற்றிப் பேச மாட்டேன். நீ இதைப் படித்தால் இந்தக் காற்று உன்னை விட்டுவிட்டது என்று அர்த்தம், இனிமேல் வருவதற்குத்தான் சொல்கிறேன். டேங்க் குலுங்கினால் அடியில் கிடக்கிற கசடெல்லாம் மேலே வரும், டீசல் பில்டர் இரண்டு உபரியாக வைத்திரு. வயர்லெஸ்ஸில் கரைக்குத் திரும்பச் சொன்னால் மீன் இல்லாவிட்டாலும் போட்டைத் திருப்பச் சொல்லு, போட்டு டிரைவர் கேட்காவிட்டால் சண்டை போடு. மிதவைச் சட்டையைத் தலைக்கு வைத்துப் படுக்காதே, போட்டுக்கொள்.

இதை எழுதும்போதே கிழக்கே கறுத்துவிட்டது. சோலை அண்ணன், "சிலுவை, வெளிய வாங்க, ஏறுது" என்று கூப்பிடுகிறார். அம்மா வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து அடுப்படியில் நிற்கிறாள். நான் போய் நிற்கத்தான் போகிறேன், என்னால் போகாமல் இருக்க முடியாது. ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும். கரை ஏறியதும் முதல் போன் அம்மாவுக்கு. ஒன்றை மட்டும் மறக்காதே, மேகம் கறுத்தால் நீ இன்ஜின் ரூமுக்குள் போய்விடு. அதை அண்ணாந்து பார்க்க இங்கே ஊரே இருக்கிறது.

அப்பா
சிலுவைமுத்து