யார் செய்தது என்று கேட்கும் கட்டம்

இன்று காலை ஜன்னல் கம்பிகளுக்கு வண்ணம் பூச வந்த பெயிண்டர், வேலை முடிந்ததும் ஒரு தகர டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கை கழுவினார். வாசம் கூடம் வரைக்கும் வந்தது. நீங்கள் இருந்திருந்தால் அந்நேரம் செருப்பை மாட்டிக்கொண்டு லோத்குண்டா பஸ் நிறுத்தம் வரை போயிருப்பீர்கள். அந்த வாசம் உங்களுக்கு ஆகாது. ஏன் ஆகாது என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. இப்போது இன்னும் பலருக்குத் தெரியும். சொன்னது நான்தான். அதை உங்களிடமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

ராணுவக் குவார்ட்டர்ஸில் காஸ் அடுப்பு வராத காலம் அது. நான் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்க ஆரம்பித்தால் நீங்கள் வெளியே போய்விடுவீர்கள். "சமைக்கும்போது ஓடிப் போற மனுசன், சாப்பிடும்போது மட்டும் கரெக்டா வந்துடறீங்க" என்று கேலி செய்வேன். நீங்கள் சிரித்துக்கொண்டே போய்விடுவீர்கள். ஒரு நாள் மத்தியானம் அடைமழை. வெளியே போக வழியில்லை. கதவுப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னீர்கள்.

"பனி மலை மேல காவல் போஸ்ட்ல, கூட இருந்த தேவராஜ் கால் மரக்கட்டையாட்டம் ஆயிடுச்சு. பூட்ஸைக் கழட்டி ஸ்டவ்வுக்குப் பக்கத்துல தூக்கிப் புடிச்சேன். அவன் சிரிச்சுகினு இருந்தான். சூடு தெரியுதாடான்னு கேட்டேன், ஒண்ணும் தெரில அண்ணேன்னான். எனக்குத்தான் மொதல்ல நாத்தம் தெரிஞ்சுது."

பனி கடித்த காலுக்கு உணர்ச்சி இருக்காது, வெந்தாலும் தெரியாது என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மேகம் விலகி ஹெலிகாப்டர் வர மூன்று நாள் ஆயிற்று. கீழே டாக்டர்கள் கேட்டபோது, "பூட்ஸ் இறுக்கமா இருந்துச்சு" என்று தேவராஜ் தம்பி சொன்னார். நீங்களும் அதையே சொன்னீர்கள். ஸ்டவ் என்ற பேச்சே எழவில்லை. அவருக்கு இரண்டு காலிலும் விரல்கள் போயின. கதையை முடித்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லக் கூடாது, பொண்ணு மேல சத்தியம் பண்ணு" என்றீர்கள். தொட்டிலில் கிடந்தவள் தலையைத் தொட்டுச் சத்தியம் செய்தேன்.

அந்தப் பெண்ணின் பெண்தான் இப்போது தார்நாகாவில் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். நீங்கள் எங்களை விட்டுப் போனபோது நிவேதா காலேஜில் இருந்தாள். என்ன படிக்கிறாள் என்று கேட்டால் "ரத்தம் பத்தி ஏதோ" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவீர்கள். அந்த ஏதோ என்னவென்று இப்போது எனக்குத் தெரியும், கேளுங்கள். பனிக்கடி என்பது உறைந்ததோடு முடிவதில்லை. சதை உருகிய பிறகும் உள்ளே சின்னச் சின்ன குழாய்களில் ரத்தம் கட்டிக்கொண்டே போகும். அதைக் கரைக்கும் மருந்து நேரத்தோடு போனால் சில விரல்களாவது தப்பும். எப்போது, யாருக்கு, எவ்வளவு கொடுக்கலாம் என்று பார்ப்பதுதான் அவள் வேலை. என்னைப்போல் அஞ்சாம் வகுப்போடு நின்றவள் வீட்டில் இப்படி ஒருத்தி.

அவளோடு சேர்ந்து வேலை செய்கிறவர் ராணுவ ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருவர், விஜயவாடாப் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் நம் சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அடைத் தட்டோடு போனேன்.

"நக்கோ ஆயா, இப்ப வேணாம். பேப்பர் மேல எண்ணெய் பட்டுடும்" என்றாள் உங்கள் பேத்தி.

டாக்டரம்மா தட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். சண்டை இதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் தோல் துண்டுகள் சிலவற்றில் குளிரால் வந்த சேதத்தோடு சூடு பட்ட சேதமும் தெரிகிறது என்கிறாள் இவள். படிவத்திலோ முதலுதவி எதுவும் இல்லை என்றே எல்லோருக்கும் எழுதியிருக்கிறது. எதை நம்பி மருந்தைச் சோதிப்பது? டாக்டரம்மாவோ, நான் ஒவ்வொரு சிப்பாயையும் நேரில் கேட்டுத்தான் எழுதுகிறேன், உன் ஆராய்ச்சிக்கூடத்தில்தான் கோளாறு என்கிறார். மாசக்கணக்கில் செய்த வேலை அந்த ஒரு வரியில் நின்றுபோயிருந்தது. இப்படியே போனால் இரண்டு இடத்தாரும் அவரவர் வழியில் போய்விடுவார்கள் என்று முந்தின வாரமே நிவேதா தன் அம்மாவிடம் அழுதிருந்தாள்.

"அந்தத் தாள்ல இன்னா கேட்டிருக்குது?" என்றேன்.

"என்ன முதலுதவின்னு ஒரு கட்டம். அடுத்த கட்டத்துல யார் செய்ததுன்னு. பேர், நம்பர், ரேங்க்" என்றாள் நிவேதா.

"அப்புறம் எவன் சொல்லுவான்?"

"கைக்கு ஆயா? ஏன் சொல்ல மாட்டாங்க? சொன்னா என்ன?"

அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். பக்கத்து அறையில் நம் பெண் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் தலை மேல் வைத்த கையை நினைத்தேன். உங்களையும் நினைத்தேன். அந்தத் தாள்களில் இருந்த பையன்களையும் நினைத்தேன். அடைத் தட்டைக் காட்டி "ஆறிடப் போவுது, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குவார்ட்டர்ஸ் இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். நாத்தம் உங்களுக்குத்தான் முதலில் தெரிந்தது என்பது வரை.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "அவர் தப்பு செய்யவில்லை அம்மா, தெரியாமல் செய்தார்" என்றார்.

"அது எனக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியாமப் போச்சு. கூட்டாளியக் காட்டிக் குடுத்து வைத்தியம் பாத்துக்கற பசங்க இல்ல டாக்டரம்மா இவங்க. பேர் கேக்கற கட்டத்த எடுத்துடுங்க. அடுப்புல காட்டினாங்களா, தேய்ச்சாங்களா, அத மட்டும் கேளுங்க."

அறையிலிருந்து நம் பெண் எட்டிப் பார்த்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. "என் தலை நல்லாத்தாம்மா இருக்குது" என்று சொல்லிவிட்டு மறுபடி துணி மடிக்கப் போய்விட்டாள். உங்கள் மகள் வேறு எப்படி இருப்பாள்.

ஒரு கட்டத்தை எடுப்பது லேசான காரியமில்லையாம். காகிதம் மேலே போய்க் கீழே வந்து, மறுபடி மேலே போயிற்று. கடைசியில் வந்த படிவத்தை டாக்டர்கள் கேட்டு எழுதுவதில்லை. கட்டுப் போடும் நர்சுகள் பேச்சோடு பேச்சாகக் கேட்கிறார்கள். இப்போது உண்மை வருகிறது. ஸ்டவ், கொதிதண்ணீர்ப் பாட்டில், பனியை வைத்துத் தேய்த்தது, எல்லாம் வருகிறது. மாசத்துக்கு ஒருமுறை நர்சுகள், டாக்டர்கள், ஆராய்ச்சிக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து அவற்றைப் படிக்கிறார்கள். மேலே போகிறவர்களின் சட்டைப் பையில் வைக்க ஓர் அட்டை அடித்தார்கள். தமிழில் 'உலர் வெப்பத்தைத் தவிர்க்கவும்' என்று இருந்தது. எந்தப் பையனுக்கு இது புரியும் என்று நிவேதாவிடம் சண்டை போட்டேன். இப்போது அட்டையில் இப்படி இருக்கிறது: 'அடுப்பில் காட்டாதே. தேய்க்காதே. திரும்ப உறையும் என்றால் உருக்காதே. நல்லாயிருப்பவன் முழங்கை விட்டுப் பார்த்து, பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் வை. உடனே கீழே சொல்.' மூன்றாவது வரி மட்டும் டாக்டரம்மா சொன்னது. மற்றதெல்லாம் என் வாக்கு. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் பீற்றிக்கொள்வேன்.

ஆனால் தேவராஜ் தம்பியிடம் கேட்காமல் அவர் காலைப் பற்றிப் பேசிவிட்டேனே என்று மனசு உறுத்தியது. நிவேதாவைக் கூட்டிக்கொண்டு குஷாய்குடாவில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அந்த ஸ்டவ்வா? இன்னும் கிட்டக் கொண்டு போ அண்ணே, இன்னும் கிட்டன்னு சொன்னதே நான்தானே அண்ணி."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் காலைப் பார்த்தார்.

"வெரல் போனது பெருசில்ல. அஞ்சு மாசம் ஆஸ்பத்திரில கெடந்தேன். அண்ணன் ஒரு வாட்டிகூட வர்ல. நம்மால அவருக்குக் கெட்ட பேருன்னு கோவம் போலன்னு நெனச்சுகினேன். நானும் கேக்கல."

அவர் கோபமாக இருப்பார் என்று நீங்கள் போகவில்லை. நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்று அவர் கூப்பிடவில்லை. லோத்குண்டாவுக்கும் குஷாய்குடாவுக்கும் நடுவில் அப்படி என்ன தூரம் சொல்லுங்கள். கல்யாண வீடுகளில் பார்த்துக்கொள்வீர்கள். வெயில் அதிகம் என்பீர்கள், அவரும் ஆமாம் என்பார். உங்கள் மேல் எனக்கு இருக்கும் ஒரே வருத்தம் அதுதான். அடுப்பில் காட்டியதில் எனக்கு வருத்தமே இல்லை. அது பாசம். போகாமல் இருந்தீர்களே, அதுதான்.

நிவேதா அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, மேலே போகிற பையன்களிடம் வந்து பேசுவீர்களா தாத்தா என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார்.

"பேசலாம். அண்ணன் பேர சொல்லலாமா அண்ணி?"

தாளிலிருந்து பேரை எடுக்கச் சொன்னவள் நான். ஆனால் தாளில் எழுதி மேலே அனுப்புவது வேறு, விரல் இழந்தவன் தன் வாயால் சொல்வது வேறு.

"முழுப் பேரையும் சொல்லு தம்பி. ஊரையும் சேத்து சொல்லு" என்றேன்.

போன வாரம் அந்த வகுப்பு நடந்தது. கடைசி வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். தேவராஜ் தம்பி சாக்ஸைக் கழற்றி மேசை மேல் காலை வைத்துக் காட்டினார். உங்கள் பேரைச் சொன்னார், வேலூர் ஜில்லா என்றும் சொன்னார். என்னைக் காப்பாற்றத்தான் அடுப்பில் காட்டினார், அவருக்கு இந்த அட்டை கிடைத்திருந்தால் என் விரல்கள் இருந்திருக்கும் என்றார். முன்வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கி, அவர் உங்களைப் பார்க்க வந்தாரா என்று இந்தியில் கேட்டான்.

தம்பி மேசையிலிருந்து காலை இறக்கிக்கொண்டார். நான் எழுந்து நின்றேன்.

"அவர் வரல. வந்திருக்கணும். அவருக்காக நான் வந்திருக்கேன்" என்றேன்.

நீங்கள் போகாத அந்த ஐந்து மாசக் கடனை இப்போது நான் அடைத்து வருகிறேன். இரண்டாவது சனிக்கிழமை தோறும் குஷாய்குடா போகிறேன். தம்பியும் நானும் வெயிலைப் பற்றிப் பேசுவதில்லை. உங்களைப் பற்றித்தான் பேசுகிறோம்.