பொங்கப்படி கொள்ளும் பை

அன்பு மக்கா தாணு,

உன் சைக்கிள் நேற்று மத்தியானம் தக்கலையில் என் வீட்டு வாசலுக்கு வந்தது. ஓட்டி வந்தவள் உன் மகள் மீனா.

இரண்டு வருடமாக மத்தியானத் தூக்கத்தில் எனக்கு ஒரு சத்தம் கேட்கிறது, அது உனக்குத் தெரியுமா? பெடல் மிதிக்கும்போது குதிகால் கேரியர் பையில் இடிக்கிற சத்தம். டொக், டொக் என்று. எழுந்து போய் கேட்டைத் திறப்பேன். ரோடு சும்மா கிடக்கும். அதனால்தான் நேற்று மணி அடித்தபோதும் நான் எழுந்திருக்கவில்லை. நீதான் என்று நினைத்துப் படுத்தே கிடந்தேன்.

"அத்த, வெயில்ல நிக்கேன், கேட்டத் தொறங்க!" என்று அவள் கத்திய பிறகு ஓடினேன். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். உன்னைப் போலவே நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள். காலும் உன் கால்தான், செருப்புக் கடைக்காரன் பரணில் ஏறித் தேட வேண்டிய அளவு. பூதப்பாண்டியிலிருந்து அத்தனை தூரமும் மிதித்து வந்திருக்கிறாள். அதே வில்லுக்குறி இறக்கத்தில்தான் வந்திருக்கிறாள்.

தண்ணீர் குடித்து முடித்ததும் விஷயத்தைச் சொன்னாள். "இந்தப் பொங்கலுக்கு ஒங்களுக்குப் படி நான்தான் கொண்டு வருவேன். சைக்கிள்லதான் வருவேன்."

நீ போன பிறகு நம் வீடுகளில் பொங்கல் வைக்கவில்லை. இந்தத் தையில்தான் மறுபடி அடுப்பு மூட்டப்போகிறோம். ஆனால் எனக்குப் படி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. பொறந்த வீட்டிலிருந்து அக்காவுக்கு அரிசியும் தேங்காயும் மஞ்சள் குலையும் கிழங்கும் கொண்டு வருவது தம்பிதானே. தம்பி இல்லையென்றால்?

"அப்பாக்க சிவப்புப் பை ரெண்டும் கெடக்கு அத்த. ஒண்ணுதான் கிழிஞ்சிருக்கு. தச்சுட்டாப் போதும்லா?"

"அது வேண்டாம்" என்றேன். அவள் விடவில்லை. "ஏன் அத்த?"

ஏன் என்று உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்று இதுவரை நினைத்திருந்தேன்.

கேரியரின் இரண்டு பக்கமும் தொங்குகிற பை வாங்க நீ ஒரு மாதம் யோசித்தாய். பெண் பார்க்கும்போதுகூட நீ அவ்வளவு யோசிக்கவில்லை! தினமும் போனில் படம் அனுப்புவாய். கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று சின்னது, கறுப்பு, குதிகாலுக்கு வழி விட்டு முன்பக்கம் சரிவாக வெட்டியது. இன்னொன்று பெரியது, சிவப்பு, பெட்டி மாதிரி சதுரமானது. சின்னதுதான் உனக்குப் பிடித்திருந்தது. நான்தான் சிரித்துக்கொண்டே பெரியதை எடுக்கச் சொன்னேன். என் பொங்கப்படி முழுவதும் அதில் கொள்ள வேண்டும் அல்லவா!

பை வந்த முதல் நாளே "குதிகால் இடிக்கி அக்கா" என்றாய். "போகப்போகச் சரியாவும் லே" என்றேன், செருப்புக் கடிக்குச் சொல்வதைப்போல. நீ பையைக் கேரியரில் பின்னால் தள்ளி மாட்டினாய். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் தேங்காயும் சேனையும் சிறுகிழங்கும் அதில் அடைத்துக்கொண்டு புறப்பட்டாய். பாரம் முழுக்கப் பின்னால் இழுத்திருக்கிறது. இறக்கத்தில் முன்சக்கரம் ஆடிவிட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பின்னால் டிப்பர் லாரி வந்திருக்கிறது. மஞ்சள் குலை ரோடெல்லாம் சிதறிக் கிடந்ததாம்.

துட்டி வீட்டில் பெரியப்பா கேட்டார், "இம்புட்டுப் பெரிய பைய வாங்கச் சொன்னது யாரு?" துக்கத்துக்கு வந்த எல்லோரும் இருந்தார்கள். உன் பெண்டாட்டி செல்வி என் மடியில் கிடந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவனுக்கு எப்பவும் பெருசுதான் பிடிக்கும்." சொல்லிவிட்டு இன்னும் சத்தமாக அழுதேன். செத்தவன் மேலேயே பழியைப் போட்ட அக்கா நான். பதினாறு முடிந்த பிறகு உன் வீட்டு நடை ஏறவில்லை. செல்வி கூப்பிடும்போதெல்லாம் முட்டு வலி என்பேன். எந்த டாக்டரும் பார்க்காத முட்டு வலி அது.

நேற்று மீனாவிடம் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவள் முகம் மாறும் என்று காத்திருந்தேன். மாறவில்லை.

"எனக்குத் தெரியும் அத்த" என்றாள். "அப்பாக்க போன் எங்கிட்டதான் இருக்கு."

நாம் போனில் பேசி அனுப்பிக்கொண்டதை எடுத்துப் போட்டுக் காட்டினாள். முதலில் என் குரல். "பெருசையே எடு லே. எனக்க பொங்கப்படி கொள்ளாண்டாமா?" அடுத்து உன் குரல். "சரி அக்கா. ஒனக்க ஆச தீர உரலையும் சேத்துத் தூக்கிட்டு வாறேன்." அதற்குப் பின்னால் உன் சிரிப்பு. அந்தப் பதிலை நான் மறந்தே போயிருந்தேன் மக்கா. என் வீட்டு நடுக்கூடத்தில் நீ சிரித்தாய். உன் அத்தான் உள்ளேயிருந்து எழுந்து வந்து, யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

மீனா சொன்னாள், "பையத் திருப்பி அனுப்புங்கன்னு அப்பாகிட்ட நான் சொன்னேன் அத்த. அக்கா ஆசையாச் சொன்னதுல்லா, கெடக்கட்டும்னுட்டாரு."

இது எனக்கு ஆறுதலா, தண்டனையா? நீயாவது சொல்லேன்.

"அம்மைக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொல்லல்ல. அத நீங்கதான் சொல்லணும்."

பிறகு இரண்டு பேரும் போனில் பை பார்த்தோம். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. சின்னக் கறுப்புப் பை இன்னும் விற்பனையில் இருக்கிறது. அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதன் அளவுக்கு வெட்டி, கேரியரின் இரண்டு பக்கமும் கயிறு போட்டுக் கட்டினேன். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி அவளை ஏற்றி மிதிக்கச் சொன்னேன். தரையில் உட்கார்ந்து அவள் குதிகாலையே பார்த்தேன். இடிக்கவில்லை. "இன்னும் மிதி" என்றேன். "இன்னும்." அலுத்துப்போய், "அத்த, நான் இப்பிடியே பூதப்பாண்டி போயிருவேன் போலிருக்கு" என்றாள். விரல் இரண்டு நுழையும் இடைவெளி இருந்தது. அந்தப் பையையே வாங்கச் சொன்னேன்.

அவள் கணக்குப் போட்டாள். அரிசி கொள்ளும், மஞ்சள் கொள்ளும், தேங்காய் பக்கத்துக்கு இரண்டு. "சேனையும் கிழங்கும் கொள்ளாது அத்த. என்ன செய்ய?"

"கொள்ளாதது அங்கயே இருக்கட்டும் மக்கா. நான் வந்து எடுத்துக்கிடுதேன்."

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தெரு திரும்பும்போதும், "வரணும் கேட்டியளா!" என்று கத்திவிட்டுத்தான் போனாள்.

வருகிறேன் தாணு. பொங்கலுக்கு மறுநாள் முதல் பஸ்ஸில் வருவேன். இந்தக் கடிதம் யார் கண்ணிலாவது படுவதற்கு முன்னால் செல்வியின் காதில் இது என் வாயால் விழ வேண்டும். அவள் என்னை நடையிலேயே நிறுத்தினாலும் நிறுத்தட்டும். அந்தப் பையை எடுக்கச் சொன்னது நான்தான் என்று சொல்லாமல் சேனையைத் தொடமாட்டேன்.

இன்று மத்தியானமும் அந்தச் சத்தம் கேட்டது. கேட்டைத் திறக்கப் போகவில்லை. "வாறேன் லே, வாறேன்" என்று படுத்தபடியே சொன்னேன்.

உன் படிக்கு ஆசைப்பட்ட,
உன் அக்கா
பகவதி