பீரோவில் பூட்டி வைத்த புகை ஃபில்டர்

786

கரும்புக்கடை, கோயமுத்தூர்
22-11-96, வெள்ளி

அன்பு மகன் முஜீபுக்கு அம்மா ஆமினா பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உன் அத்தா, தங்கை நஸ்ரியா, நான் மூவரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அதற்கு மேல் சுகம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. சிங்கப்பூரில் நீ நோய் நொடியில்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை வேலை நேரத்தில் பிரிக்காதே, ரூமுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

நம் டிரைவர் கருப்புசாமி இறந்துவிட்டார் கண்ணு. நீ ஊருக்கு வரும்போதெல்லாம் ஸ்டேஷனுக்கு வந்து உன் பெட்டியை யாரையும் தொட விடாமல் தானே தூக்கி வருவாரே, அவர்தான். தீபாவளி கழிந்த இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, சிங்காநல்லூர் மில் நூல் குடோனில், நாம் வாடகைக்கு விட்டிருக்கும் பழைய ஃபோர்க்லிஃப்ட் வண்டி பக்கத்திலேயே விழுந்துவிட்டார். ஒரு வாரமாக இங்கே அடைமழை. நூல் நனைந்தால் வாங்குகிற வெளிநாட்டுக்காரன் சரக்கைத் திருப்பி விடுவான் என்று ஷட்டர் அத்தனையும் இறக்கி வைத்திருந்தார்கள். கப்பலுக்கும் நேரமாகிவிட்டது. இன்னொரு டிரைவர் அழகிரிசாமி பண்டிகைக்குச் சத்தியமங்கலம் போனவர் திரும்பவில்லை. காலை ஆறு மணியிலிருந்து இவர் ஒருவரே அந்த மூடின குடோனுக்குள் நூல் பேல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார். மத்தியானம் தலை வலிக்கிறது, கண் எரிகிறது என்று மோர் வாங்கிக் குடித்தாராம். மூன்று மணிக்கு, கொஞ்சம் ஷட்டரைத் தூக்கலாம் என்று இறங்கினவர் ஷட்டர் வரைக்கும் போகவில்லை. ஆட்கள் வந்து பார்த்தபோது வண்டி என்ஜின் ஓடிக்கொண்டே இருந்ததாம். புகையில் இருந்த விஷவாயு ரத்தத்தில் கலந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். வயது நாற்பத்தொன்று.

இனி எழுதப் போவதைப் படித்து நீ என்னை என்ன நினைத்தாலும் அது எனக்கு வேண்டியதுதான். போன வருடம் உன்னோடு வேலை பார்க்கும் கரீம் லீவில் வந்தபோது அவன் கையில் ஒரு புகை ஃபில்டர் கொடுத்துவிட்டாயே, அது அன்றைக்கு அந்த வண்டியில் இல்லை. என் பீரோவில் இருந்தது. குடோனுக்குள் ஓடும் வண்டிக்குப் புகை அடக்கும் சாமான் இருந்தால்தான் சரக்கு எடுப்போம் என்று வெளிநாட்டுக் கம்பெனி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால்தான் நீ அதை அனுப்பினாய். மற்ற இரண்டு வண்டிகளும் திறந்த வெளியில் ஓடுகிறவை, குடோனுக்குப் போவது இது ஒன்றுதான். மாட்டினோம், கம்பெனி செக்கிங்கில் பாஸ் ஆனது, மில் வேலையும் நமக்கே கிடைத்தது. ஒரு வாரம் கழித்து வண்டி சர்வீசுக்கு வந்தபோது நான் போய்ப் பார்க்கிறேன், எவர்சில்வர் தூக்குப்போசி மாதிரிப் பளபளவென்று வந்த சாமான் தோசைக்கல்லாகக் கருத்துக் கிடந்தது. என் மகன் ராப்பகலாக ஓவர்டைம் பார்த்து வாங்கினது, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு யாராவது பாத்திரம் விளக்குவார்களா என்று உன் அத்தாவைப் பிடித்துக் கத்தினேன். பையன் கழட்டவே கூடாதுன்னு எழுதியிருக்கானே ஆமினா என்று அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். நான் யார் பேச்சைக் கேட்டேன். கழற்றித் துடைத்து, பழைய லுங்கியில் சுற்றி, நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். மூன்று மாதத்துக்கு ஒரு செக்கிங், முதல் நாளே மில்லிலிருந்து போன் வந்துவிடும், அன்றைக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பேன். விருந்தாளி வந்தால்தானே நான் பீங்கான் தட்டையே வெளியே எடுப்பேன், அந்தப் புத்திதான். நீ ஒவ்வொரு கடிதத்திலும் ஃபில்டர் ஓடுகிறதா என்று கேட்டாய். நன்றாக ஓடுகிறது என்று நானும் ஒவ்வொரு தடவையும் எழுதினேன்.

மௌத்து நடந்து இரண்டு நாள் கழித்து மில் மேனேஜர் சுப்பண்ணன் வீட்டுக்கு வந்தார். திங்கக்கிழமை தொழிற்சாலை ஆய்வு அதிகாரி வர்றாருங்க, அதுக்குள்ள ஃபில்டரை மாட்டிப்போடுங்க, கருப்புசாமிக்கு முன்னாடியே மூச்சிரைப்பு இருந்துதுன்னு நாங்க சொல்லிக்கறோமுங்க, உங்க வேலையும் போகாது எங்க கப்பலும் நிக்காது என்று மரியாதை குறையாமல் சொல்லி, காபியும் குடித்துவிட்டுப் போனார். உன் அத்தா என்னிடம் பீரோ சாவி கேட்டார். அவரை நீ தப்பாக நினைக்கக் கூடாது, லாரிக்கு அடியில் படுத்துப் படுத்து இருபது வருடத்தில் சேர்த்த வண்டிகள். நஸ்ரியாவுக்கு ஈரோட்டு இடம் வேறு பேசி முடிகிற நேரம். நானும் சாவியை எடுத்துக் கொடுக்கத்தான் இருந்தேன், உன்னிடம் மறைக்க மாட்டேன். திங்கட்கிழமை காலையில் எடுத்துத் தருகிறேன், அதற்குள் துக்க வீட்டுக்குப் போய் வந்துவிடுகிறேன் என்றேன்.

இருகூரில் கருப்புசாமியின் மனைவி சாமியாத்தாள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். அதற்குள் மில் ஆட்கள் வந்து மூச்சிரைப்புக் கதையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏனுங்க, பதினெட்டு வருசமா பக்கத்துலயே இருந்திருக்கறேன், அவருக்கு மூச்சிரைப்புன்னு எனக்குத் தெரியவே இல்லைங்களே, நாந்தான் கவனிக்காம உட்டுப்போட்டனுங்களா என்று கேட்டாள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். தீபாவளியன்று அவர் இருமினாரா என்று பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரித்தாள். நான் செய்த காரியத்துக்கு அவள் தன் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஃபில்டரை லுங்கியோடு பைக்குள் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறி, காந்திபுரத்தில் இறங்கி, அந்த அதிகாரி ஆபீசுக்கு வருவதற்கு முன்னாலேயே போய் வாசலில் நின்றேன். உன் அத்தாவிடம் சொல்லவில்லை. கழற்றச் சொன்னதும் பூட்டி வைத்ததும் நான்தான் என்று என் கையாலேயே எழுதினேன். அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, வண்டி உங்க ஊட்டுக்காரர் பேர்ல இருக்குதுங்கம்மா, நீங்க எழுதிக் குடுத்தாலும் கேஸ் அவர் மேலதான் வரும், யோசிச்சுக்குங்க என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துவிடலாமா என்று நினைத்தேன். சாமியாத்தாள் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலமே மூன்று வண்டிக்கும் சீல் வைத்துவிட்டார்கள். மில் வேலை போய்விட்டது. அத்தாவுக்கு அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி கோர்ட்டு. ஐந்து நாளாக அவர் என்னோடு பேசவில்லை, வைத்ததைச் சாப்பிடுகிறார், பள்ளிவாசலுக்குப் போனால் இரவு இஷா தொழுகை முடிந்துதான் வருகிறார். ஈரோட்டுக்காரர்களிடமிருந்து ஒரு பதிலும் இல்லை, நஸ்ரியா ஒன்றும் கேட்பதில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ அவசரப்பட்டு வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. அத்தாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, என்னைப் பற்றி அதில் ஒன்றும் எழுத வேண்டாம். நீயும் கண்டெய்னருக்குள் வண்டி விடுகிற வேலையில் இருக்கிறாய், தலை வலித்தால் அந்த நிமிடமே இறங்கி வெளியே வா, மேஸ்திரி திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

நேற்று இருகூர் போய்ச் சாமியாத்தாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். அது மாட்டியிருந்தா அவரு பொழச்சிருப்பாருங்களா அம்மணி என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை முஜீப். அதிகாரியைக் கேட்டால் கோர்ட்டில் தெரியும் என்கிறார். உனக்குத் தெரியும், உன் தொழில் அது. பழைய என்ஜின், ஷட்டர் எல்லாம் மூடி, ஒன்பது மணி நேரம், இந்தக் கணக்கில் அந்த ஃபில்டர் இருந்திருந்தால் மனிதர் பிழைத்திருப்பாரா, மாட்டாரா என்று எழுது. எனக்கு நோகும் என்று பார்க்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஹயாத்தும் நல்ல புத்தியும் தரட்டும், நஸ்ரியா ஸலாம் சொல்லச் சொன்னாள்.

பதிலை வீட்டு விலாசத்துக்கு அனுப்பாதே, சாமியாத்தாள் விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அங்கேயே நேராக அனுப்பு. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்தால் எதையாவது விட்டுவிடுவேன். அவள் பெண் எட்டாவது படிக்கிறாள், அவள் வாசிக்கட்டும், நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் அம்மா
ஆமினா பீவி