காலைச் சாப்பாடு சேராத விலை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும், நான் இன்னும் கையில் வாங்காத என் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் முழங்கால் வலியைத் தவிர உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உடம்பைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன். போனில் உனக்கும் எனக்கும் இரண்டு வார்த்தைக்கு மேல் ஓடுவதில்லை, மூன்றாவது வார்த்தைக்குள் குழந்தை அழுகிறது என்று வைத்துவிடுகிறாய், எந்நேரமும் அழும் குழந்தை என்றால் டாக்டரிடம்தான் காட்ட வேண்டும், அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன், இதை நடுவில் வைக்க முடியாது.

போன வாரம் நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். அம்மா, நீ வேலை பார்த்த ஹோட்டல்ல பாதி ரேட்டுக்கு ரூம் தர்றாங்க, முன்கூட்டியே கட்டணும், வரலைன்னா பணம் திரும்பாது, பழைய கட்டடமாச்சே, நாலு நாளைக்கு எடுக்கலாமா, என்று கேட்டிருந்தாய். அப்பா போன இந்த ஏழு மாதத்தில் நீ என்னிடம் ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை. மகள் வருகிறாள் என்று வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வரவில்லை, வீட்டிலிருந்து நான்கு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கும் ஹோட்டலுக்கு வருகிறாள் என்று இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் உறைத்தது. எதிர்வீட்டுத் தையல்காரியிடம், பிள்ளையோடு வசதியாக இருக்கட்டும் என்று நானே ஹோட்டலில் தங்கச் சொன்னேன் என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டேன், அவள் கேட்டால் நீயும் அப்படியே சொல்.

கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா, செவ்வாய்க்கிழமை நேரில் போய்ப் பார்த்தேன். காலை பதினொரு மணிக்குப் போனேன். இருந்தவர்கள் கிளம்பி, வருகிறவர்கள் இன்னும் வராத நேரம் அது, ஒரு ஹோட்டலின் உண்மையான முகத்தை அப்போதுதான் பார்க்க முடியும். இருபத்தாறு வருஷம் பின்வாசல் வழியாகப் போன இடத்துக்கு முன்வாசல் வழியாகப் போனேன். வரவேற்பு மேஜையில் இருந்த பையனுக்கு என்னைத் தெரியவில்லை, மேடம் என்றான், சிரிப்பு வந்தது. நெட்டையைக் கூப்பிடச் சொன்னேன். உனக்கு நினைவிருக்கும், என்னோடு மூன்றாம் மாடியில் அறை சுத்தம் செய்தவள், திரைச்சீலை மாட்ட ஏணி வேண்டாம் என்று நாங்கள் கேலி செய்வோமே, அவள்தான். இப்போது அந்த மாடி முழுவதற்கும் அவள்தான் மேற்பார்வை.

பாதி விலைக்குக் காரணம் இருக்கிறது. முன்பக்கக் கட்டடத்தை இடித்துக் கட்டுகிறார்கள், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை சுத்தியல் சத்தம். கைக்குழந்தை பகலில் தூங்க வேண்டுமே என்றுதான் எனக்கும் கவலை. பின்பக்கம் மூன்றாம் மாடி, முந்நூற்றுப் பதினாறாம் அறையில் கதவைச் சாத்திவிட்டுக் கால்மணி நேரம் நின்று பார்த்தேன், பக்கத்து வீட்டில் யாரோ துணி அடித்துத் துவைக்கிற அளவுக்குத்தான் கேட்கிறது. வெந்நீர் வர அறுபது எண்ணினேன், கொஞ்சம் தாமதம்தான், ஆனால் வந்தால் நன்றாகவே வருகிறது. மெத்தையின் ஓரத் தையலை விரித்துப் பார்த்தேன், பூச்சி இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு, பதிமூன்று கொடுத்தால் வாங்காதே, அங்கே சுவர் கசிந்து தரைவிரிப்பில் ஈரவாடை, எத்தனை வாசனைத் தெளிப்பு அடித்தாலும் போகாது, நான் அடித்துப் பார்த்திருக்கிறேன். லிப்ட் வாசல் குறுகல், குழந்தை வண்டியை மடக்கித்தான் ஏற்ற வேண்டும். மற்றபடி கொடுக்கிற காசுக்குத் தாராளமாகத் தகும். வராவிட்டால் பணம் திரும்பாது என்று நீ பயப்படுகிறாய், எனக்கு அந்த நிபந்தனைதான் ரொம்பப் பிடித்திருக்கிறது, கட்டிவிட்டால் வராமல் இருக்க மாட்டாய்.

இதோடு முடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. அந்த அறையில் நின்றபோது என் கை தானாகப் போய்த் தலையணையைத் தட்டி, உறை நுனியை உள்ளே மடித்தது. அக்கா, விடுங்க, நீங்க இப்ப விருந்தாளி, என்றாள் நெட்டை. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அப்பா போன அந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. அன்று நீ போனில் கேட்டதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. அப்பா என்ன ரூம் காலி பண்ணிட்டுப் போன ஆளாம்மா, அடுத்த ஆளுக்கு ரெடி பண்ணிட்டியா, என்று கேட்டாய். அன்று உனக்கு நான் பதில் சொல்லவில்லை, இன்று சொல்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து காலையில் தனியாகத்தான் வீட்டுக்கு வந்தேன், அவரைக் கொண்டுவர மத்தியானம் ஆகும் என்றார்கள். கட்டிலில் போர்வை அவர் உதறிவிட்டுப் போனபடியே கிடந்தது. என்ன செய்வது என்று தெரியவில்லை, கைக்கு மட்டும் தெரிந்திருந்தது. முதலில் ஜன்னலைத் திறந்தேன், பிறகு விரிப்பு, தலையணை உறை, போர்வை, பிறகு குளியலறை, பல்துலக்கி, சீப்பு, கொடியில் கிடந்த சட்டைகள், கடைசியில் தரை. ஒரு அறைக்கு எந்த வரிசையோ அதே வரிசை. எல்லாம் முடித்து வாசலில் நின்று எப்போதும் பார்ப்பது போலக் கடைசியாக ஒரு பார்வை பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. அந்த நேரத்தில்தான் நீ கூப்பிட்டாய். உனக்கு எட்டாம் மாதம், டாக்டர் விமானம் ஏறக்கூடாது என்றுவிட்டார், வர முடியலம்மா, அப்பா தலையணையை மட்டும் எனக்கு எடுத்து வை, துவைச்சிடாதே, என்று அழுதாய். தலையணை கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நீ கோபப்பட்டது நியாயம்தான். உன்னைவிட எனக்கு என் மேல் கோபம் அதிகம். முப்பத்தோரு வருஷம் பக்கத்தில் படுத்த மனுஷனின் வாசனையை ஒரே காலையில் சோப்புப் போட்டு அனுப்பிவிட்டேன். பீரோவுக்குள் தலையை விட்டுப் பார்த்திருக்கிறேன், செருப்பைக்கூட எடுத்து முகர்ந்திருக்கிறேன், அதையும் நான் கழுவி வைத்திருக்கிறேன். என் கை சுத்தம் என்று ஊரே சொல்லும், அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. நான் கல்நெஞ்சுக்காரி இல்லையடி. எனக்கு அழத் தெரியவில்லை, துவைக்கத்தான் தெரிந்தது. மன்னித்துக்கொள் என்று பெற்ற பிள்ளையிடம் கேட்பதில் எனக்கு வெட்கமில்லை.

செவ்வாய்க்கிழமை அந்த ஹோட்டல் அறையில் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். விருந்தாளியின் கட்டிலில் வேலைக்காரர்கள் உட்காரக் கூடாது, இருபத்தாறு வருஷத்தில் முதுகு ஒடிந்தபோதும் நான் உட்கார்ந்ததில்லை.  நெட்டை வெளியே போய்விட்டுக் கையில் ஒரு பையோடு வந்தாள். விட்டுப்போன பொருள்களை வைக்கும் அலமாரி பற்றி நீ சின்னப் பெண்ணாக இருக்கும்போது கதை கதையாகக் கேட்பாயே, அங்கே ஒரு சட்டம் உண்டு. யார் எதை விட்டுப்போனாலும் துவைக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, இருந்தபடியே பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, அறை எண்ணும் தேதியும் எழுதி ஒரு வருஷம் வைக்க வேண்டும். ஒரு வருஷம் போனால் கழித்துவிடுவார்கள். அவள் கொண்டுவந்த பையில் பதினான்கு மாதத்துக்கு முந்தைய தேதி, நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள். அறை எண் இருக்க வேண்டிய இடத்தில், பின்வாசல் பெஞ்சு, அக்கா வீட்டு அண்ணன், என்று எழுதியிருந்தது.

உள்ளே அப்பாவின் பழுப்பு ஸ்வெட்டர். பஸ் ஓட்டும்போது போடுவாரே, முழங்கை தளர்ந்து தொங்குமே, டெப்போவுக்கு உன்னைக் கூட்டிப்போன நாளெல்லாம் நீ அதில் முகத்தைப் புதைத்துத் தூங்குவாயே, அதேதான். என்னைக் கடைசி நாள் அழைத்துப்போக வந்தவர், எனக்குக் கொடுத்த பரிசுப் பெட்டிகளை எல்லாம் தூக்கும்போது புழுக்கமாக இருக்கிறது என்று கழற்றிப் பெஞ்சில் வைத்தார், அப்படியே மறந்துவிட்டார், எங்கே விட்டார் என்றுகூட அவருக்கு நினைவில்லை. பயணி விட்டுப்போன குடையைப் பத்திரமாக ஒப்படைக்கத் தெரிகிறது, சொந்த ஸ்வெட்டரைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லையா என்று நான் அவரைப் பதினைந்து நாள் திட்டினேன். பாவம், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. நானே ஒரு நாள் வருவேன், கொடுத்துவிடலாம் என்று நெட்டை வைத்திருந்தாளாம், அதற்குள் அப்பா செய்தி போய்விட்டது, அப்புறம் கொடுக்கவும் கை வரலக்கா, தூக்கிப் போடவும் மனசு வரலக்கா, என்றாள்.

பையை வீட்டுக்குக் கொண்டுவந்து உன் அறை அலமாரியில் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். முடிச்சை அவிழ்க்கவில்லை. அவிழ்க்க ஆசை இல்லை என்று நினைக்காதே, தினமும் மூன்று தடவையாவது போய் அலமாரியைத் திறந்து நிற்கிறேன். ஆனால் பதினான்கு மாதம் ஆகிவிட்டது, உள்ளே டீசலும் இருமல் மிட்டாயும் அவருமாக எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ தெரியாது. ஒரு தடவை திறக்கிற அளவுக்குத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. அந்த ஒரு தடவை உனக்கு.

அறையை எடுத்துக்கொள். வீட்டுக்குள் வந்து தங்க உனக்கு இன்னும் மனசு வராவிட்டால் நான் வற்புறுத்த மாட்டேன், எனக்கே சில நாள் வாசலில் சாவியோடு நிற்கத்தான் தோன்றுகிறது. வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பேத்திக்கு விமானத்தில் காதில் குளிர் ஏறாமல் பார்த்துக்கொள், பாலுக்கு வெந்நீர் நீயே பிளாஸ்கில் எடுத்து வா, யாரையும் நம்பாதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் ஒற்றுமையாக இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பணம் கட்டும் இடத்தில் இரண்டு விலை போட்டிருப்பார்கள், ஒன்று காலைச் சாப்பாடு சேர்த்து, ஒன்று சேர்க்காமல். அங்கே சாப்பாடு முன்பு போல இல்லை என்று நெட்டையே சொன்னாள். சேர்க்காததை எடு. எட்டு மணிக்கு நான் அடுப்பைப் பற்றவைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா