நான் ஒரு பெயரும் சொல்லவில்லை, அக்கா

அக்கா,

கிளிநொச்சி பஸ் நிலையத்தில் ஒருவர் புதிதாகக் கச்சான் கடலை வறுக்கத் தொடங்கியிருக்கிறார். நேற்றுப் பின்னேரம் வட்டக்கச்சி பஸ்ஸுக்காக நின்றபோது, சூடான மணலில் கோது கருகும் மணம் காற்றோடு வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் ஆளுக்கொரு சுருள் வாங்கினார்கள். நான் வாங்கவில்லை. அந்த மணம் வந்தால் எனக்குப் பசி வருவதில்லை. தர்மபுரத்தில் உங்கள் முற்றமும், அடுப்பும், நீங்களும் வருகிறீர்கள். பின்னாலேயே கோபம் வருகிறது. நீங்கள் போய் ஒன்றரை வருடமாகிறது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே உங்களைப் பற்றிய கதை எங்களிடம் வந்துவிட்டது. இது உங்களுக்கும் தெரியும். பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு. அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு என்ன உதவி தேவை என்று வீடு வீடாகப் போய்க் கேட்பது என் வேலை. யார் யாருடைய வீட்டுக்குப் போவதென்று சொன்னவர் உங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர், இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். தேத்தண்ணி தந்து, மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டு, உங்கள் வீட்டைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார்.

“அங்க கவனமாக் கேளுங்கோ பிள்ளை. பெட்டையைக் கயித்தில கட்டி வளர்த்த வீடு அது.”

என்னோடு வந்த பேராசிரியை அதைக் குறித்துக்கொண்டார். உங்கள் முகத்தைப் பார்க்க முன்பே நீங்கள் குற்றவாளியாகிவிட்டீர்கள்.

பிறகுதான் நான் வந்தேன். உங்கள் மகள் செல்வி, நீங்கள் கச்சான் வறுக்கும் தாச்சிக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்தா. முப்பது வயது தாண்டிய பெண். தலையில் இரட்டைப் பின்னல், நீங்கள் பின்னியது. நல்ல கச்சானைச் சுளகுக்கும் உடைந்ததைத் தன் வாய்க்கும் அனுப்பிக்கொண்டிருந்தா. நான் குந்தியதும் என் கையை இழுத்து மூக்கில் வைத்து மணந்துவிட்டுச் சிரித்தா. “புடிச்சிருந்தா மோந்து பாப்பா. புடிக்கலன்னா திரும்பிக்குவா. நீ தப்பிச்ச தங்கச்சி” என்றீர்கள். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இனக் கலவரத்துக்குப் பிறகு சின்னப் பிள்ளையாக வந்தவர் நீங்கள். வன்னியில் இத்தனை காலம் இருந்தும் உங்கள் பேச்சை மாற்றவில்லை. மாற்றச் சொன்னவர்களுக்கு வேறு வேலை இல்லையென்று சொல்வீர்கள்.

கேள்விகள் எல்லாம் புத்தகத் தமிழில் இருந்தன. பராமரிப்பாளரின் சுமை பற்றி நான் வாசித்தபோது, யாருடைய சுமை, எந்தச் சுமை என்று என்னையே திருப்பிக் கேட்டீர்கள். கட்டி வைத்ததைப் பற்றி எப்படிக் கேட்பதென்று தெரியாமல் சுற்றிவளைத்துக் கேட்டேன். உங்கள் கை அகப்பையோடு நின்றது. யார் சொன்னதென்று நீங்கள் கேட்கவில்லை. உங்களுக்கு விளங்கிவிட்டது.

“கட்டினேன்” என்றீர்கள். “என் கையில ஒரு முனை, அவ கையில ஒரு முனை.”

போரின் கடைசி இடப்பெயர்வில் விசுவமடுவைத் தாண்டி நடந்தபோது, ஷெல் சத்தத்துக்குச் செல்வி எந்தப் பக்கமென்று இல்லாமல் ஓடினாவாம். இரண்டு தடவை சனத்துக்குள் தொலைத்துத் தேடிப் பிடித்தீர்களாம். அதற்குப் பிறகு சேலையைக் கிழித்து இரண்டு பேருடைய மணிக்கட்டையும் சேர்த்து முடிந்திருக்கிறீர்கள். நித்திரையிலும் அவிழ்க்கவில்லை. முகாமுக்கு வந்தபிறகும் கொஞ்சநாள் அப்படியே இருந்தீர்கள். அந்த அதிபரும் அதே முகாமில்தான் இருந்தார். பார்த்திருக்கிறார். ஒரு முனை செல்வியின் கையில் இருந்ததைப் பார்த்தவர், மறுமுனை எங்கே இருந்ததென்று பார்க்கவில்லை.

அவருக்கும் உங்களுக்கும் அதற்கு முந்திய கணக்கு ஒன்று இருந்ததை அடுத்த தடவை வந்தபோதுதான் சொன்னீர்கள். செல்விக்கு ஆறு வயது. அயலில் உள்ள பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடம் போக, தானும் போகவேண்டுமென்று வாசல் படலையில் நின்று அழுகை. வெள்ளைத் துணி வாங்கி, இரவல் மெசினில் நீங்களே சட்டை தைத்து, தலையில் ரிப்பன் கட்டிக் கூட்டிப்போனீர்கள். அவர் அப்போது புதிதாக வந்த அதிபர். உங்களை இருக்கச் சொல்லவில்லை. செல்வி அவர் மேசையிலிருந்த மணியைத் தொட்டா. அவர் மணியை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, வாசலில் நின்ற மற்றத் தாய்மாருக்கும் கேட்கச் சொன்னது இது:

“இதுக்கு ஏன் வெள்ளைச் சட்டை? வீட்டில கட்டி வச்சிருங்கோ. உங்கட ஆக்களில சுகமாப் பிறந்ததுகளே படிக்குதில்லை.”

கட்டி வைக்கச் சொன்னவர் அவர். கட்டி வைத்தாய் என்று ஊருக்குச் சொன்னவரும் அவர்தான். இதைச் சொல்லும்போது நீங்கள் அழவில்லை, அக்கா. வறுத்துக்கொண்டே சொன்னீர்கள். செல்வி அந்தச் சட்டையைப் பிறகும் விடவில்லையாம். தையல் விட்டு, முதுகு பிரிந்து, கை நுழையாமல் போகும்வரைக்கும் ஒவ்வொரு காலையும் போட்டுக்கொண்டு படலைக்குப் போய்த் திரும்பி வருவாவாம்.

ஆய்வில் உங்களுக்கு என்ன பெயர் போடலாம் என்று கேட்டேன். உண்மைப் பெயர் எழுதக்கூடாது, யாரையும் அடையாளம் காட்டக்கூடாது, அது விதி என்று விளக்கினேன்.

“என் பேரையே போடு. அந்தாளு பேரையும் போடு.”

முடியாது என்றேன்.

“அப்ப யாரு செஞ்சதுன்னு யாருக்குத்தான் தெரியப்போவுது?”

அந்தக் கேள்வியோடு பேராசிரியையிடம் போய் மணிக்கட்டின் கதையைச் சொன்னேன். அவர் நேர்மையான மனுசி. கயிற்றைப் பற்றிய வசனத்தை வெட்டிவிட்டார். ஆனால் அறிக்கையிலிருந்து வெட்டலாம், அதிபரின் வாயிலிருந்து யார் வெட்டுவது?

வேலை முடிந்தும் நான் வந்துகொண்டிருந்தேன். உங்கள் கால் வீங்கத் தொடங்கியதும், தண்ணீர்தான் காரணம் என்று நீங்களே முடிவுகட்டியதும், பிறகு சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதென்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் எல்லாம் ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையில் நடந்து முடிந்தன. வார்ட்டில் பக்கத்துக் கட்டில் அம்மா, சாகப்போகிற நேரத்தில் எல்லாரையும் மன்னித்துவிட்டால் மனம் இலேசாகும் என்று உங்களுக்குப் புத்தி சொன்னா. நீங்கள் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னீர்கள்.

“மன்னிப்பெல்லாம் சாமி குடுக்கட்டும் தங்கச்சி. நான் செல்வியோட அம்மா. அந்தாளு காதுல ஒரு நாளைக்கு இது விழணும்.”

உங்கள் கருமாதி முடிந்த கையோடு அதிபர் வந்தார். வவுனியாப் பக்கம் ஓர் இல்லம் இருக்கிறது, சங்கத்தின் மூலம் இடம் எடுத்திருக்கிறேன், தாயில்லாத பிள்ளைக்கு அதுதான் பாதுகாப்பு என்றார். கட்டாரில் இருக்கும் உங்கள் மகனோடு தொலைபேசியில் கதைத்து, ஓம் என்றும் சொல்லவைத்துவிட்டார். அதே வீட்டில் இருக்கும் உங்கள் மருமகளிடம் ஒருவரும் கேட்கவில்லை. செல்வியிடம் கேட்கலாமென்று ஒருவருக்கும் தோன்றவேயில்லை. மருமகள் எனக்கு அழைத்து, செல்வி மச்சாள் சாப்பிடுகிறா இல்லை, பெரியவர்கள் முடிவெடுத்தபிறகு நான் என்ன கதைக்கிறது என்று விம்மினா. நான் அவவை ஓர் இடத்துக்கு மட்டும் வரச் சொன்னேன்.

ஆய்வின் முடிவுகளை ஊருக்குச் சொல்லும் கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில் நடக்கவிருந்தது. நல்ல எண்ணத்தோடு போனேன் என்று உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். காலையில் தலை முழுகி, இருந்ததில் நல்ல சேலையை உடுத்திக்கொண்டு, பழிவாங்கத்தான் போனேன். முன்வரிசையில் நடுக் கதிரையை அவருக்கென்று நானே துடைத்து வைத்தேன். இரண்டு பக்கமும் அதிகாரிகள். நடுவில் எழும்பிப் போகமுடியாத இடம்.

அவர் முதலில் பேசினார். தாய்மாரின் தியாகம் பற்றி உருக்கமாகப் பேசினார். உங்கள் பெயரைச் சொல்லி, அந்தப் பிள்ளைக்கும் ஓர் இல்லத்தில் வழி செய்துவிட்டோம் என்றார். சனம் கை தட்டியது. மாலையைக் கழற்றாமலே வந்து அந்தக் கதிரையில் இருந்தார்.

அடுத்தது நான். ஒரு தாயின் அனுபவத்தை வாசிக்கவேண்டும். கையிலிருந்த தாளை மேசையில் வைத்துவிட்டேன். ஆய்வு விதிப்படி யாருடைய பெயரையும் சொல்லமாட்டேன் என்று தொடங்கினேன். ஒரு தாய் இருந்தா என்றேன். வெள்ளைச் சட்டையைச் சொன்னேன். மேசையிலிருந்த மணியைச் சொன்னேன். அந்த வாசகத்தை, நீங்கள் எனக்குச் சொன்ன அதே சொற்களில், உங்கட ஆக்கள் என்ற சொல் உட்பட, மெதுவாகச் சொன்னேன். அந்த மண்டபத்தில் பாதிச் சனம் மலையிலிருந்து வந்த உங்கட ஆக்கள்தானே, அக்கா. பின்வரிசையிலிருந்து தலைகள் ஒவ்வொன்றாக முன்னால் திரும்பின. பிறகு சேலைத்துண்டின் இரண்டு முனையையும் சொன்னேன். அவர் மாலையிலிருந்த பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நான் முழு நேரமும் அவரையே பார்த்துக்கொண்டு பேசினேன். ஒரு பெயரும் சொல்லவில்லை.

அவர் இருந்தபடியே, “சரி, இப்ப அந்தப் பிள்ளையை ஆர் பாக்கிறது?” என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது.

அப்போதுதான் உங்கள் மருமகள் எழும்பினா. ஒரு கையில் செல்வியின் கை. அவவின் குரல் அவ்வளவு தூரம் கேட்குமென்று நான் நினைத்திருக்கவில்லை. “நான் பாக்கிறன். ஆனா தனியப் பாக்கேலாது. பகலில மச்சாள் இருக்க ஓரிடம் தாங்கோ, நான் வேலைக்குப் போட்டு வந்து கூட்டிக்கொண்டு போறன். அவாவை அனுப்பவேண்டாம்.” பிறகு செல்வியிடம் குனிந்து, போகப்போறீங்களா என்று கேட்டா. செல்வி அதிபர் இருந்த பக்கம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டா. ஒரு குடும்பத்துக்கு என்ன உதவி தேவையென்று நாங்கள் இரண்டு வருடமாக வீடு வீடாகக் கேட்டதற்கு, அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் விளங்கிய பதில் அதுதான்.

கூட்டம் முடிந்து சைக்கிளை எடுக்கும்போது அவர் கேற்றடிக்கு வந்தார். மாலை கழுத்தில் இல்லை.

“பிள்ளை, நான் அப்பிடிச் சொன்னதா எனக்கு ஞாபகமே இல்லை.”

அவர் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்க்கவே தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் பற்றி எரிகிறது, அக்கா. உங்கள் ஆயுள் முழுக்க நெஞ்சில் கிடந்த சொல், அவருக்கு ஏதோ ஒரு காலையில் வாயில் வந்து போன சொல்.

“எங்களுக்கு ஞாபகம் இருக்கு, சேர்” என்றேன்.

செல்வி இல்லத்துக்குப் போகவில்லை. உங்கள் மகன் அடுத்த நாளே அழைத்துத் தன் ஓமைத் திருப்பி வாங்கிக்கொண்டார். முன்பள்ளிக் கட்டடத்தின் ஓர் அறையைத் தாய்மார் கேட்டு எடுத்தார்கள். கிழமையில் மூன்று நாள், பகலில், செல்வியும் இன்னும் சிலரும் அங்கே இருக்கிறார்கள். போதாதுதான். மற்ற நாட்களில் மருமகள் வேலையை விட்டு நிற்கிறா. அதிபர் தலைவர் பதவியிலிருந்து தானாகவே விலகினார். ஆய்வின் அடுத்த கட்டத்துக்கு என்னை அழைக்கவில்லை. காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன மாதம் அதிபர் குளியலறையில் விழுந்து படுக்கையாகிவிட்டார். தன்பாட்டில் எழும்ப முடியாதாம், ஒருவர் ஊட்டவேண்டுமாம். ஒருக்கால் வந்து பார்த்துவிட்டுப் போங்கோ, அவர் உங்களைக் கேட்கிறார் என்று மனைவி ஆள் விட்டா. என் வீட்டிலும் சொல்கிறார்கள், வயதுபோன மனிசன், போய் இரண்டு வார்த்தை கதைத்தால் என்ன குறைந்துவிடும் என்று. அவருக்கு நல்ல பராமரிப்புக் கிடைக்கட்டும். அதை நான் மனதாரத்தான் சொல்கிறேன். யாருக்கும் அது கிடைக்கவேண்டும் என்பதுதானே இத்தனை நாள் என் வேலை. ஆனால் போகமாட்டேன். மன்னித்தேன் என்று சொல்ல, அந்தச் சொல் என்னுடையதில்லை.

நீங்கள் செல்வியை மருமகளிடம் விட்டுப் போனீர்கள். கோபத்தை என்னிடம் விட்டுப் போனீர்கள். இரண்டையும் நாங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம், அக்கா.