ஆடித் தள்ளுபடியில் வாங்கிய வீடியோ கேம்

ஆடி 4, ஞாயிறு

காலையில் தூறல். பத்து மணிக்கெல்லாம் வெயில். காற்று மட்டும் விடவில்லை. கொடியில் போட்ட என் துப்பட்டா பக்கத்து வீட்டு முருங்கையில்.

வெள்ளிக்கிழமை மல்லிகா வருகிறாள். தங்கச்சிக்குக் கல்யாணமாகி வரும் முதல் ஆடி. மாதம் பிறக்கும்போதே கூட்டி வந்திருக்க வேண்டும். கோவில்பட்டியில் அவள் நாத்தனார் வீட்டுக் காதுகுத்து, அதனால் தள்ளிப்போனது. இனி மாதம் முடியும்வரை இங்கேதான். அம்மா இன்றே முறுக்குக்கு அரிசி காயவைத்துவிட்டாள்.

அதற்குள் வாங்க வேண்டியது:
- வீடியோ கேம். கண்டிப்பாக இரண்டு பேர் ஆடுவது.
- நாய் பஞ்சுக்கு விளையாட்டுச் சாமான், சின்னதாக.
- டார்ட்டாய்ஸ் கொசுவத்தி, நாப்தலின் உருண்டை.

வீடியோ கேம் பழைய பேச்சு. நான் கல்லூரியில் கடைசி வருடம், அவள் பன்னிரண்டாவது முடித்து அம்மாவோடு பேண்டேஜ் கம்பெனிக்குக் கிளம்பிய வருடம். "வேலைக்குப் போனதும் முதல்ல அதுதான்" என்றேன். சின்ன வயதில் பின்தெரு டெய்லர் வீட்டு ஜன்னலில் நின்று அவர்கள் பிள்ளைகள் ஆடுவதைப் பார்ப்போம். மல்லிகா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கட்டைவிரலை அழுத்திக்கொண்டே இருப்பாள், அவளே ஆடுகிற மாதிரி.

வேலைக்கும் போய்விட்டேன். ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன், ஒப்பிடுவேன், இதைவிட நல்லது இதைவிட மலிவாக வரும் என்று விட்டுவிடுவேன். தீபாவளி போனது, பொங்கல் போனது. வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். அதற்கு முந்தின வாரம் கேட்டாள். "போறதுக்குள்ள ஒரு ஆட்டமாவது ஆடிருவமாக்கா?"

"ஆடியில தள்ளுபடி போடுவாங்கட்டி. நீயும் வந்திருப்ப" என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். மல்லிகா எதற்கும் இரண்டு தடவை கேட்க மாட்டாள்.

ஆடி 6, செவ்வாய்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். பத்திர ஆபீஸில் கூட்டமில்லை. ஆடி மாதம் யார் பத்திரம் பதிவார்கள்? டைப் செய்ய ஒன்றுமில்லாததால் போனில் வீடியோ கேம் பற்றிப் படித்தேன். தெரிந்துகொண்டது:

"பத்தாயிரம் கேம்" என்று போட்டிருந்தால் நம்பக்கூடாது. பாதிக்குமேல் ஒரே கேம், வேறு வேறு பெயரில்.

கையில் வைத்து ஆடுவது மலிவு, ஆனால் ஒரு ஆள்தான்.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் வைத்த பழைய மாதிரி மிக மலிவு. படம் மங்கல் என்கிறார்கள். வேண்டாம்.

டிவியின் பின்னால் விரல் அளவு சொருகுவது, வயரில்லாத இரண்டு ஜாய்ஸ்டிக்குடன். விலைக்குத் தகுந்தது இதுதான். முடிவு.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிராணிகள் சாமான் விற்கும் கடை. உள்ளே போக இரண்டு தடவை தெருவைச் சுற்றினேன். கடைக்காரர், "ராஜபாளையமாம்மா?" என்றார்.

"ஆமாண்ணே, டவுனுக்குள்ளதான்."

"நான் நாயைக் கேட்டேம்மா."

அங்கே நின்றிருந்த ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. காது சுட்டது. நாட்டு நாய்தான், சின்னது என்றேன். பஞ்சு ராஜபாளையம் ஜாதியில்லை. கம்பெனியில் கழிவுப் பஞ்சு மூட்டைக்கு நடுவில் மல்லிகா கண்டெடுத்தது. வெள்ளை நிறம் மட்டும் உண்டு. அவள் போனதிலிருந்து கேட்டருகே படுத்துக் கிடக்கிறது. மல்லிகா திரும்பிப் போகும்போது மறுபடி ஏங்கக்கூடாது என்றுதான் இந்தச் சாமான்கள்.

கயிற்று முடிச்சு, கீச்சிடும் ரப்பர் எலும்பு, மணி வைத்த பந்து. மூன்றும் சேர்த்து எடுத்தால் குறைவு என்றார். எடுத்தேன்.

ரப்பர் எலும்பின் சத்தம் கேட்டு பஞ்சு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. பந்து சாக்கடையில். கயிற்றை முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டுக்கே திரும்பிவிட்டது.

அம்மா: "எம்புட்டு குடுத்த இதுக்கு? சொல்லாத. வயிறு எரியும்."

ஆடி 7, புதன்

வாங்கியாயிற்று. ஆனால் மனசு சரியில்லை.

நம்மூர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். கடைப்பையன் நான் சொன்னதையும் எடுத்து வைத்தான், மூன்று கலர் வயர் உள்ளதையும் எடுத்து வைத்தான். இரண்டு பெட்டியையும் திருப்பித் திருப்பிப் படித்தேன். "வீட்டுல என்ன டிவிக்கா?" என்று கேட்டான். அதே நேரம் தோளில் ஒரு கை. தீபா. பி.காமில் பக்கத்து பெஞ்ச். வீட்டுக்காரரோடு ஃபிரிட்ஜ் வாங்க வந்திருக்கிறாள்.

"சுமதி! டிவி வாங்க வந்தியா?"

"இல்ல, சும்மா…"

பையன் மறுபடி, "டிவி என்ன டிவின்னு சொன்னா…"

எங்கள் வீட்டில் இருப்பது கவர்மெண்டு இலவசமாகக் கொடுத்த டிவி. பெட்டி டிவி. பின்னால் கூன் விழுந்தது போல இருக்கும். தீபா பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்இடிதான்" என்றேன்.

"அப்ப இது" என்று சொருகுவதற்கே பில் போட்டுவிட்டான்.

முழுப் பொய்யும் இல்லை. எல்இடி வாங்கினோம். அது மல்லிகாவின் சீரோடு கோவில்பட்டி போனது.

டிவியில் எதில் எது போகும் என்று எனக்குத் தெரியாது. வயர் மாட்டுவதெல்லாம் எப்போதும் அவள்தான். அவளிடம் போனில் கேட்டிருக்கலாம். சொல்லாமல் வைத்திருந்து காட்ட வேண்டும் என்று ஆசை.

ஆடி 9, வெள்ளி

மல்லிகா வந்துவிட்டாள். மதியப் பஸ், எனக்கு அரைநாள் லீவு. பஞ்சு தெருமுனைக்கே ஓடி, காலைச் சுற்றி, சேலையை இழுத்து, ஊளையும் அழுகையுமாக. மல்லிகா நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா: "ஏட்டி, எந்திரி! பட்டுச்சேலை!"

கொஞ்சம் இளைத்திருக்கிறாள். கேட்டால், "அங்க சத்தமே கெடையாதுக்கா. அவிய ஷிப்ட்டுக்குப் போயிருவாக. அத்தை சீக்கிரம் படுத்திருவாக" என்றாள். குறையாகச் சொல்லவில்லை.

சாப்பிட்டதும் பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தேன். பிரிக்காமல் ரொம்ப நேரம் மடியில் வைத்திருந்தாள். "மறந்துட்டேன்னு நெனச்சேன்க்கா."

பிறகு பிரித்தாள். சொருகும் துண்டைக் கையில் எடுத்ததுமே அவள் முகத்தில் தெரிந்துவிட்டது. டிவியை நகர்த்தி, பின்னால் குனிந்து பார்த்தாள்.

"நம்ம டிவிக்கு மஞ்சவயரு ஓட்டைதானக்கா."

அட்டைப்பெட்டியைத் திருப்பி மறுபடி படித்தேன்.

"என்ன டிவின்னு கடையில கேக்கலையா அவன்?"

"கேக்கல" என்றேன்.

இரண்டாவது பொய். இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஆடி 10, சனி

கடைக்குப் போனேன். தள்ளுபடிச் சரக்கு மாற்ற மாட்டார்களாம். அதே பையன். "எல்இடின்னு சொன்னீங்களேக்கா?" இதைப் பெட்டி டிவியின் மூன்று ஓட்டைக்கு மாற்றிக் கொடுக்க ஒரு அடாப்டர் பின் இருக்கிறதாம், கடையில் இல்லை. போனில் ஆர்டர் போட்டேன். செவ்வாய்க்குள் வரும் என்று காட்டுகிறது.

மல்லிகா: "மாசம் பூரா இருக்கேன்ல. வரட்டும் மெதுவா."

ஆடி 11, ஞாயிறு

வெயில். அம்மா முறுக்கு சுட்டாள். நாங்கள் இருவரும் ஆடினோம்!

மல்லிகாதான் ஆரம்பித்தாள். பேட்டரி போட்டு ஜாய்ஸ்டிக் ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. அணைத்துக் கிடக்கும் டிவிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்தோம். ஜாய்ஸ்டிக்கில் சிவப்பு விளக்கு மினுக்கி மினுக்கி எதையோ தேடுகிறது. "வண்டி வருது, குதி! குதிக்கா! அய்யோ செத்துட்ட." "நான் எங்கட்டி செத்தேன்?" "கண்ணு தெரியலையா? பள்ளத்துல விழுந்துட்ட. மூணு உசுருல ஒண்ணு போச்சு." டெய்லர் வீட்டு ஜன்னலில் பார்த்த கேமை முழுசாக ஞாபகம் வைத்திருக்கிறாள், எந்த இடத்தில் என்ன வரும் என்பது வரைக்கும்.

அம்மா எட்டிப் பார்த்து, "கரண்டு இல்லையா?" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல். பஞ்சு அவள் மடியில் தலை வைத்துத் தூங்கியது. சாயங்காலம் வரை அவள் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைக்கவில்லை.

மூன்று கலர் வயரை அன்றே எடுத்திருந்தால் இன்று நிஜமாகவே ஆடியிருப்போம். இன்னும் மலிவாகவும் முடிந்திருக்கும்.

ஆடி 12, திங்கள்

ஆடிப்பூரம். லீவு. மூவரும் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர். வடத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று மல்லிகா கூட்டத்துக்குள் நுழைந்தாள். நான் ஓரத்தில் செருப்புகளோடு. தொட்டுவிட்டு வந்து, சிவந்த உள்ளங்கையை என் கையில் வைத்துத் தேய்த்தாள். "இந்தா, உனக்கும் சேத்து."

பால்கோவாக் கடை வரிசையில் நிற்கும்போது அவள் போன் அடித்தது. மாப்பிள்ளை. அவள் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். வா என்று அவர் சொல்லவில்லை. "அத்தைக்குத் தலை சீவ ஆளில்லையே" என்று இவளே சொல்லிக்கொண்டாள்.

அம்மா: "நாளைக்குச் செவ்வாக்கெழம. பிள்ளைய அனுப்ப மாட்டேன். புதன்கெழம போகட்டும்."

எனக்கு ஒரு நாள் கிடைத்தது.

ஆடி 13, செவ்வாய்

அடாப்டர் பின் வரவில்லை. காலையில் "இன்று", மதியம் "நாளை". கொரியர் நம்பருக்குப் போன் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை. மல்லிகாதான் பேசினாள். "அண்ணே, செத்த நேரம் பாத்துச் சொல்லுங்க. மதுரையிலயா நிக்குது? பொறவு எப்பண்ணே வரும்?" வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

மறுபடி பாயில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் அழுத்தினாள். நேற்று முன்தினம் போல வரவில்லை.

"நீயே எடுத்துட்டுப் போட்டி. அங்கதான் புது டிவி இருக்கே. உடனே மாட்டிரலாம்" என்றேன்.

அட்டைப்பெட்டியை மூடி ஓரங்களைத் தடவினாள்.

"அங்க யாரு கூடக்கா வெளாட?"

அப்போது கடைப்பையன் கேட்டதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. அம்மா முறுக்கு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். சொல்லவில்லை.

ஆடி 14, புதன்

காலைப் பஸ். மாப்பிள்ளை வந்து கூட்டிப் போனார். நல்ல மனிதர்தான், என்னைவிடப் பேசாதவர். ஜன்னல் சீட்டிலிருந்து மல்லிகா, "பஞ்சுவ கட்டிப் போடாதக்கா" என்றாள். "அடுத்த தடவை" என்று நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன், பஸ் எடுத்துவிட்டார்கள்.

ஆபீஸில் ஒரே பத்திரத்தில் இரண்டு இடத்தில் தப்பு. திட்டு.

வீடு திரும்பியபோது அம்மா வாசலிலேயே, "ஏட்டி சுமதி, அந்த நாயி ரிமோட்டத் தூக்கிட்டுப் போயிருச்சு பாரு!"

அலமாரிக்குக் கீழே வைத்திருந்த இரண்டு ஜாய்ஸ்டிக்கில் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறது. என்னுடையதைத் தொடவில்லை. கேட்டருகே சாக்கில் படுத்து, அதன்மேல் தாடையை வைத்திருந்தது. ஓரத்தில் இரண்டு பல் தடம். கயிறும் ரப்பர் எலும்பும் பக்கத்திலேயே கிடக்கின்றன, புதிதாக.

ஆடி 15, வியாழன்

மதியம் பலத்த காற்று. அடாப்டர் பின் வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் கொடுத்துப் போயிருந்தார்கள்.

மஞ்சள் மஞ்சளில். வெள்ளையும் சிவப்பும் அதனதன் ஓட்டையில். இவ்வளவுதான் விஷயம், நானே மாட்டினேன். படம் வந்தது, பாட்டும் வந்தது. மங்கல்கூட இல்லை. முதல் கேமே ஜன்னலில் பார்த்த அதே கேம். பள்ளம் அவள் சொன்ன இடத்தில்.

மல்லிகாவுக்கு அனுப்ப ஒரு படம் எடுத்தேன். அனுப்பவில்லை.

அம்மா கம்பெனியிலிருந்து வந்தாள், தலையெல்லாம் பஞ்சுத் தூசி. "வந்துட்டா? ஒத்தையிலயாவது வெளாண்டு பாரேன்."

ஒருவரா, இருவரா என்று டிவி கேட்கிறது. சாக்கிலிருந்து அந்த ஜாய்ஸ்டிக்கை எடுக்கப் போனேன். பஞ்சு உறுமவில்லை. தாடையைத் தூக்காமல் என்னைப் பார்த்தது. விட்டுவிட்டு வந்தேன்.

அம்புக்குறி இன்னும் "இருவர்" மேலேயே நிற்கிறது. அம்மா சீரியல் வைக்கச் சொல்கிறாள்.