வாத்துப் படம் போதும்

தம்பி, வேலைக் களைப்போடு வந்திருப்பாய். இந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு உட்கார், அக்கா ஒரு கதை எழுதியிருக்கிறேன். சாதம் அடுப்பு மேடையில் மூடியிருக்கிறது, சுடவைத்துக்கொள். பின்கதவுச் சாவி டிவிக்குப் பக்கத்தில்.

ஒரு வீட்டில் ஞாயிறுதோறும் நாலு பேரும் சேர்ந்து படம் பார்ப்பார்கள். வாரம் ஒருவர் முறை. படத்தின் பேரைத் திக்காமல் சொன்னால்தான் போடுவது என்று அப்பா சட்டம் வைத்தார். திக்கிப் பேசும் மகளுக்கு அதனால் நாக்குத் திருந்துமாம். அவள் ஆசைப்பட்டது குதிரைப் படம். வாயில் தடங்கலில்லாமல் வந்ததோ வாத்துப் படத்தின் பேர். தன் முறை வந்த ஆறு தடவையும் அதையே கேட்டாள்.

"பத்து வயசாச்சு, இன்னும் வாத்தாடி?" என்று அண்ணன் சிரித்தான். அம்மாவும் சிரித்தாள்.

போன ஞாயிறு துணிந்து, "கு... கு..." என்றாள்.

"குயில் வந்துடுச்சுடோய்!" என்றார் அப்பா. விரல்விட்டுப் பத்து எண்ணினார். பிறகு தன் சண்டைப் படத்தைப் போட்டார். அவள் எழுந்து போகவில்லை, கடைசிவரை பார்த்தாள்.

நேற்று அடுப்படியில் அத்தையிடம் சொன்னாள்: "இனிமே எனக்கு முறை வேணாம் அத்தை. அண்ணனுக்கே குடுத்துடுங்க."

ஒரு எழுத்துகூடத் திக்கவில்லை, தம்பி. உன் சட்டம் பலித்துவிட்டது, சந்தோஷப்படு.

பஸ்ஸுக்கு நேரமாகிறது.

(ஓரத்தில்) மோர் ஜன்னலோரம் இருக்கிறது. அவளைக் கூப்பிட்டு விசாரிக்காதே, பயந்துவிடுவாள்.

(அடியில்) எனக்குக் கோபம் ஆறவில்லை. இருந்தாலும் உன் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல், வாய்விட்டுக் கேட்டு வாங்கி, நன்றாக இருங்கள்.